ஃபெரைட் கோருக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை காலையில் விஜயபுரத்திலிருந்து ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு சார்ஜர் – வயலுக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயருடையது.

“சார், இது ஒங்க கம்பெனிது தானே? மேல இந்த வீட்டு அட்ரஸ்தான் ஒட்டியிருந்திச்சி. எலி ஒயரைக் கடிச்சிட்ச்சி. மாத்திக் குடுத்தீங்கன்னா தேவலை.”

கம்பெனியா? அதை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டுக்காரர் சார்ஜரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒயர் மட்டும் தானா? உள்ளே எரியலையா?”

“எதுக்கு எரியப் போவுது? ரெண்டு வெயிலா போட்டுக்கினுதான் கீறோம். சார்ஜ் ஏற கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான். முனிரத்னம் மாமா குடுத்தது சார். அவரு இப்ப சாந்திபுரத்துல கீறாரு. அவ்ளோ தூரம் எங்க போறதுன்னு இங்க வந்துட்டேன்.”

முனிரத்னம். எங்கள் வீட்டில் ரெண்டு வருஷமாக யாரும் உச்சரிக்காத பெயர்...

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். சாம்பாரில் உப்பு கூடினால்கூடக் கிராஃப் போட்டு விளக்குகிற மனுஷர். அவரும் முனிரத்னமும் சித்தூரில் ஒன்றாக டிப்ளமோ படித்தவர்கள். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் திருப்பதிக்கு வெளியே ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பார்ட்னர்களாகச் சார்ஜர் செய்ய ஆரம்பித்தார்கள். தினம் காலையில் எங்கள் வாசலில் முனிரத்னத்தின் குரல்தான் முதலில் கேட்கும். “ஏம்ரா சேகரு, எழுந்தியா இல்லியா?” இவருக்கு ‘ரா’, அதாவது நம்ம ‘டா’. என்னை ‘வதினா’ என்பார். தெலுங்கில் அண்ணி. நேராக அடுக்களைக்கு வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பார். உப்பு சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

சார்ஜருக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதற்குள் ஃபெரைட் கோர். இரும்பு ஆக்சைடு – அதாவது துரு மாதிரி ஒரு பொடி – அதோடு மாங்கனீஸும் துத்தநாகமும் கலந்து சூளையில் சுட்ட கறுப்புக் கட்டி. பெயர் சாஃப்ட் ஃபெரைட். கீழே போட்டால் பீங்கான் கப் போல உடைகிறது... அப்புறம் என்ன சாஃப்ட்?

கேட்டேன். “கரண்ட் வந்தா உடனே காந்தமாகும். கரண்ட் போனா உடனே அதை விட்டுடும். பிடிவாதம் கிடையாது. அதனால சாஃப்ட்” என்றார். பிடிவாதத்தைப் பற்றி யார் யாருக்குப் பாடம் எடுப்பது என்று விவஸ்தை இல்லையா?

இந்தக் கோர் ரெண்டு பாதியாக வரும். ரெண்டும் ஒன்றையொன்று தொடுகிற முகத்தைக் கண்ணாடியாக இழைத்திருப்பார்கள். நடுவில் இவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டு, மெல்லிசாக ஒரு தாள் வைத்து ஒட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு தூசி கூடாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சு கிடையாதே!

அந்த வருஷம் ஆயுத பூஜை. முனிரத்னம்தான் பூஜை செய்தார். மீட்டருக்குப் பொட்டு, சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு, டீ ஃபிளாஸ்க்கைக்கூட விடவில்லை. டிரேயில் கோர்கள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. அவற்றை மட்டும் விடுவானேன் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பளபளப்பான பக்கத்தில்தானே பொட்டு வைப்போம்? முதுகில் யாராவது வைப்பார்களா?

லீவு முடிந்து வந்த பெண்கள் துடைத்துவிட்டுத்தான் ஒட்டினார்கள். ஆனால் காய்ந்த சந்தனம் லேசில் போகிற சமாச்சாரமா? மீட்டரில் வைத்தால், அந்த டிரே மொத்தமும் அளவு குறைந்து காட்டியது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே சிவப்பு.

மதியச் சாப்பாடு கொண்டுபோன நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் பார்க்க, எங்கள் வீட்டுக்காரர் கத்தினார். “சாமி கும்பிடணும்னா மலைக்குப் போடா. இது ஃபேக்டரி. இத்தனை படிச்சும் நீ எதுக்கும் லாயக்கில்ல.”

முனிரத்னம் கையைக் கழுவினார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் குரல் கேட்கவில்லை. பார்ட்னர்ஷிப்பை முடித்துக்கொண்ட அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று – அந்தக் கோர்களை மாட்டி முடித்திருந்த, ரிஜெக்ட் ஆன சார்ஜர்கள். “குப்பைதானே, எடுத்துக்கோ” என்றார் இவர். அவர் அவற்றைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாமியார் ஊரான சாந்திபுரத்துக்குப் போய் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார்.

“ஒரு போன் பண்ணுங்களேன்” என்று பெயரைச் சொல்லாமலே நான் கேட்காத நாள் இல்லை. “அவனே பண்ணட்டும்” என்பார். நல்ல சாஃப்ட்!

அடுத்து வந்தது நம்ம ஊர் வெயில். நல்ல சார்ஜர்கள், சுத்தமான சார்ஜர்கள், மீட்டரில் நூற்றுக்கு நூறு வாங்கிய சார்ஜர்கள்... ஒவ்வொன்றாக எரிந்து திரும்பி வந்தன. ஏன் என்று பிடிபடவே இல்லை. ஷெட்டின் ஓரத்தில் தடுத்திருந்த ஏ.சி. ரூமில் வைத்து டெஸ்ட் செய்தால் நன்றாகத்தானே ஓடுகிறது! டீலர் ஆர்டரை நிறுத்தினார். ஷெட்டைப் பூட்டினோம். இவர் இப்போது இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஒயரை மாற்றுவதற்காகச் சார்ஜரைத் திறந்தவர், டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பைக் கொஞ்சம் உரித்தார். ரெண்டு பாதியும் சேர்கிற இடத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. டேப்பை மறுபடி ஒட்டி, உட்கார்ந்த இடத்திலேயே ஒயரை மாற்றிக் கொடுத்தார். அந்தத் தம்பி காபி குடித்து, சார்ஜரை வாங்கிக்கொண்டு போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பழைய ஃபைலைத் தேடி, அந்தக் கோருடைய கிராஃபை எடுத்தார். அதில் ரெண்டு கோடு. மேலே இருப்பது சாதாரண சூட்டுக்கு. கீழே இருப்பது கொதிக்கிற சூட்டுக்கு.

“ஒரு கோர் இவ்வளவு காந்தத்தைத்தான் தாங்கும். சூடு ஏறினா அது இன்னும் குறையும். நான் மேல் கோட்டைப் பார்த்து டிசைன் பண்ணிட்டேன். முனியும் பார்த்தான், அவனுக்கும் தோணல. விவசாயிங்க வீட்டுத் தகரக் கூரைக்கடியில, வெயில்ல... கோர் ரொம்பி வழிஞ்சிடுச்சு. கரண்ட் எகிறி எல்லாம் எரிஞ்சிடுச்சு.”

“அப்போ இது ஏன் எரியல?”

“அந்தச் சந்தனம்தான். இடைவெளி ஒரு மயிரிழை கூடிப்போச்சு. கோர் அவ்வளவு சீக்கிரம் ரொம்பாது. சார்ஜ் மெதுவா ஏறும், ஆனா தாங்கும்.”

மறுநாள் காலையிலேயே காரில் கிளம்பினோம். சாந்திபுரம் போய்ச் சேர மதியம் ஆனது. கடையில் முனிரத்னம் ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“ரண்டி சார், வாங்க. உட்காருங்க மேடம்.”

வதினா போய் மேடம் ஆகிவிட்டேன்...

எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கிராஃபைக்கூட எடுத்து வந்திருந்தார், பாவம். முனிரத்னம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “தெரியும் சார். மொத வெயில்லயே தெரிஞ்சிபோச்சி. ஒங்களுது எரிஞ்சிக்கினு வருதுன்னு டீலர் சொன்னாரு. நான் குடுத்ததுல ஒண்ணுகூட எரியல. ஏன்னு ஒண்ணைப் பிரிச்சிப் பார்த்தேன்.”

“அப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா ஷெட்டை மூடியிருக்க வேணாமேடா...”

“நம்பர் போட்டேன் சார். இன்னான்னு சொல்றது? நான் வெச்ச பொட்டுதான் காப்பாத்திச்சின்னா? மறுபடி மலைக்குப் போடான்னுவீங்க. கட் பண்ணிட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்க வேண்டிய ஷெட். அதைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளின் வாயை, அதற்கு முன்னாலேயே நாங்கள் அடைத்து வைத்திருந்தோம்.

“தப்பு என் மேலதான் முனி.”

“அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார். சாப்ட்டுட்டுப் போங்க, வீட்ல சொல்றேன்.”

சாப்பிட்டோம். மறுபடி சேர்ந்து ஆரம்பிக்கலாமா என்று இவர் கேட்டதற்குச் சிரித்தார். “இங்க சரியாப் போச்சி சார்” என்றார். கார் வரைக்கும் வந்து கதவைச் சாத்தி, “மெதுவாப் போங்க சார்” என்று கும்பிட்டு அனுப்பினார். ஒரு குறையும் வைக்கவில்லை.

திரும்புகிற வழியில் பலமனேர் தாண்டியதும் இவர் சொன்னார்... “நாலு பேர் முன்னாடி அவன் என்னை நல்லாத் திட்டியிருக்கலாம்.”

சார் என்று கூப்பிடுகிற ஆளை யாராவது திட்டுவார்களா?