நனைந்த தோலில் ஒரு சாவி

கரீம் பாய் இறந்த செய்தியை ராணிப்பேட்டையில் எனக்குச் சொன்னவர், ஆலங்காயம் பக்கத்திலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வரும் ஒரு வண்டிக்காரர். "ஐயா, ஆம்பூர்ல கரீம் பாய் நேத்து தவறிட்டாரு" என்றார். துக்கத்துக்கு உரிய இடைவெளி விட்டு, "முந்தாநாளுகூட என் பட்டைய மோந்து பாத்துட்டு, தண்ணி பட்ட பட்டைன்னு வண்டியோட திருப்பி அனுப்பிட்டாரு. பட்டிருந்தது வாஸ்தவந்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வண்டிதான் இப்போது ராணிப்பேட்டையில் நின்றது. இரங்கல் கூட்டத்தில் இதைவிட நேர்மையான புகழுரையை யாரும் பேசப்போவதில்லை என்று தோன்றியது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூரில் எங்கள் தோல் மண்டியில் முப்பது வருஷம் தோலைத் தரம் பிரித்தவர். நான் அதே மண்டியில் ஆங்கிலக் கடிதம் எழுதியவன். அதற்கு முன் மிஷன் பள்ளியில் பாடம் நடத்தினேன் என்பதால் கடைசிவரை என்னை "வாத்தியாரே" என்றுதான் அழைத்தார். மனிதர்களை அவர் முகத்தில் பார்த்ததில்லை. முதலில் செருப்பைப் பார்ப்பார். அது சரியாக இருந்தால் மேலே வருவார். "தோலு பொய் சொல்லாது வாத்தியாரே. அதப் போட்டுக்கினு நடக்கறவன்தான் சொல்லுவான்" என்பது அவர் வாக்கு.

ஐந்தாறு வருஷங்களுக்கு முன் பிரான்சிலிருந்து வந்த கடிதம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் எங்கள் ஆட்டுத்தோலை வாங்கும் கம்பெனி எழுதியிருந்தது: வந்த தோல் முழுதும் கறுப்புக் கறை, தரம் பிரித்தவருக்குக் கண் தெரியவில்லை, அவர் தன் தவறை ஒப்புக்கொண்டு விலக வேண்டும். நான் படித்து முடித்ததும் பாய் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த ஊரு எம்மாந் தூரம்?" எங்கள் முதலாளி நல்லவர். ஆளை நீக்குவதற்கு முன் அனுப்பிப் பார்க்கலாம் என்று அவரைக் கப்பலேற்றினார். அவருக்கு நாக்காக நானும் போனேன். நடுக்கடலில் பாய் சொன்னார்: "தப்பு என்னுதுன்னா, இனிமே தோலத் தொட மாட்டேன்." வேறு தொழில் தெரியாத மனிதர்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். பாய் கையெழுத்துப் போடவேண்டிய ஒப்புதல் பத்திரம் மாலையில் தயாராகுமாம். தூக்குக்கு முன் நல்ல சாப்பாடு போடுவார்கள் என்று படித்திருக்கிறேன். எங்களுக்குப் போட்டது ஒரு நகரம். வழிகாட்டியாக வந்தவர் கம்பெனியின் ஏஜெண்டு, ஒல்லியான, மிக மரியாதையான ஆசாமி. ஆங்கிலம் அறிந்தவர்.

புறப்படும்போதே தகராறு. அந்த ஊர் ஓட்டலில் வெளியே போகிறவர்கள் அறைச் சாவியை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பாய் மறுத்துவிட்டார். "பூட்டிட்டு, சாவிய எவன் கையிலயோ குடுத்துட்டுப் போறதுக்கு, பூட்டுறது இன்னாத்துக்கு?" இதற்குப் பதில் எனக்கும் தெரியவில்லை, ஐரோப்பாவுக்கும் தெரியவில்லை. உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி அது. பை கிழியாதிருக்க, காட்டுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மாதிரித் தோல் ஒன்றில் அதைச் சுற்றி ஷெர்வானிப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே தூறல். குடை கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். தோலைத் தொட இரண்டு கையும் வேண்டுமாம்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் பாய் குதிக்காத குறை. "வாத்தியாரே! இங்க ஆத்துல தண்ணி ஓடுது!" பாலாற்றங்கரையில் பிறந்தவருக்கு அது பெரிய காட்சிதான். நீரின்மேல் படகு கட்டி, படகிலேயே பெண்கள் துணி துவைத்தார்கள். கரையெல்லாம் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். புகைபோக்கிமேல் கொக்கு போன்ற ஒரு பெரும் பறவை கூடு கட்டியிருந்தது. சிவப்புக் கல்லில் கட்டிய பேராலயத்துக்கு ஒரு கோபுரம்தான். இன்னொன்று கட்டாமலே நின்றுவிட்டது என்று ஏஜெண்டு வருத்தத்துடன் சொன்னார். பாய் ஆறுதல் சொன்னார்: "எங்க வேலூர்க் கோட்டைக் கோயில்ல சாமியே இல்ல. நாங்க அழுவுறமா?"

உள்ளே ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கடிகாரம். நண்பகலில் பொம்மைகள் வரிசையாக வந்து போக, ஒரு சேவல் கூவியது. கூட்டம் வாய் பிளந்து மேலே பார்த்தது. பாயும் இரண்டு தடவை "சபாஷ்!" என்று கத்தினார், பிறகு முன்னால் நின்ற சீமாட்டியின் கைப்பையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அம்மாள் திரும்பினாள். "இவர் இந்தியாவின் தோல் நிபுணர்" என்றார் ஏஜெண்டு அவசரமாக. தன் பை எப்படி என்று அவள் கேட்டாள். "ரொம்பக் கம்மி" என்றார் பாய். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஏஜெண்டு அதைப் பிரெஞ்சில் "மிகச் சிறந்தது" என்று மொழிபெயர்த்தார். நாடுகளுக்கிடையே சமாதானம் இப்படித்தான் காக்கப்படுகிறது.

அங்கிருந்து ஆறு கிளை பிரியும் பகுதிக்கு நடந்தோம். பாய் திடீரென்று நின்றார். எதிரே உயரமான வீடுகள். மேல்மாடிகள் மூன்று பக்கமும் திறந்து கிடந்தன. ஏஜெண்டு வாய் திறக்குமுன் பாய் கூவினார்: "தோலு காயப்போடுற மாடி! டேய் தோஸ்த், இது நம்ப ஆளுங்க தெருடா!" ஏஜெண்டை யாரும் அதுவரை டேய் என்றோ தோஸ்த் என்றோ அழைத்திருக்கமாட்டார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் அது தோல் பதனிடுகிறவர்கள் தெருதான் என்று அவர் வியந்தபடியே ஒப்புக்கொண்டார்.

ஒரு வீட்டுக்காரம்மாளிடம் அனுமதி வாங்கி மாடியேறினோம். பாய் உத்தரங்களைத் தடவிக்கொண்டே போனார். வரவரப் பேச்சு குறைந்தது. "வாத்தியாரே, தோலு மாட்டறதுக்கு எல்லாம் மர முளை. ஒரு இரும்பு ஆணி இல்ல பாத்தியா? இவுங்க பாட்டன்மாருக்குத் தெரிஞ்சிருக்குது. பட்டையில ஊறின தோலு, ஈரம், இரும்பு, மூணும் ஒண்ணு சேரக் கூடாது." ஏஜெண்டின் பக்கம் திரும்பினார். "உங்க கிடங்குல தோல எதுமேல அடுக்கறீங்க? கேளு வாத்தியாரே."

கேட்டேன். ஏஜெண்டு பெருமையுடன் சொன்னார்: போன வருஷம்தான் பழைய மரத்தட்டுகளை எடுத்துவிட்டுப் புதிய இரும்புச் சட்டங்கள் போட்டோம்.

பாய் ஷெர்வானிப் பைக்குள் கைவிட்டார். நனைந்த பொட்டலத்தைப் பிரித்தார். பழுப்புத் தோலின்மேல், வளையமும் பல்லுமாக, ஒரு கறுப்புச் சாவி படமாகப் பதிந்திருந்தது.

"யா அல்லா!" என்றார். பிறகு ஓடினார்.

ஐம்பது வயதான மனிதர், ஷெர்வானி பறக்க, அந்த நகரத்தின் எல்லாக் காட்சிகளையும் பின்னிருந்து முன்னாக எங்களுக்கு மறுபடி காட்டினார். கோபுரம், பறவைக் கூடு, துவைக்கும் படகுகள். "கிடங்குக்குச் சீக்கிரம் வாய்யா, பேஜார் பண்ணாத!" என்று ஏஜெண்டைக் கையைப் பிடித்து இழுத்தார். கிடங்கும் ஆற்றங்கரையில்தான், சுவரெல்லாம் ஈரம். பாய் இரும்புச் சட்டங்களுக்கு இடையே சாண் போட்டு அளந்தார். கறைபட்ட தோலை விரித்து, கறைகளுக்கு இடையே சாண் போட்டார். இரண்டும் ஒன்றே.

கம்பெனித் தலைவர் சாவிப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒப்புதல் பத்திரம் மேஜையில் தயாராக இருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கத்திலேயே தம் கைப்பட வருத்தம் எழுதிக் கொடுத்தார். சிக்கனமான ஜாதி. பாய் அதை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை படித்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏஜெண்டிடம், "அந்தச் சேவலு மறுபடி எப்பக் கூவும்?" என்றார்.

மறுநாள் நண்பகலில் மறுபடி போய்ப் பார்த்தோம்.

ஓட்டல் சாவி ஆம்பூர் வந்த பிறகுதான் அதே பையில் கிடைத்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிச் சாவியோடு தபாலில் அனுப்பினேன். சாவி பதிந்த தோலைப் பாய் எனக்கே கொடுத்தார். "நீ எவ்ளோவோ எழுதற. நான் அச்சடிச்சது இது ஒண்ணுதான். வெச்சிக்கோ."

வைத்திருக்கிறேன். வண்டிக்காரர் போனபின் எடுத்துப் பார்த்தேன், பல்கூட அழியவில்லை. வீட்டில் முக்கியமான காகிதங்கள் எல்லாம் இரும்பு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. இதை மட்டும் மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் ஆணி கிடையாது. வாங்குமுன் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன்.