எஞ்சினில் நான் இறுக்க மறந்த மூன்று போல்ட்டுகள்

பழைய அமெரிக்க மசில் காரை ஒஸ்லோவுக்கு வெளியே உள்ள கார்ப் பந்தய ஓட்டப்பாதைக்குக் கொண்டுபோவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மே மாத முதல் சனிக்கிழமை போய்வந்தேன். எழுதத்தான் வெட்கம் விடவில்லை.

காருக்கு இரண்டு சொந்தக்காரர். மற்றவர் சுபா, ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறாள், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எட்டு சிலிண்டர் எஞ்சினை இரண்டு குளிர்காலமாக ஸ்டோவ்னரில் என் கராஜில் கட்டினோம். கிராங்க், பிஸ்டன் என்று கீழ்ப்பகுதி அவள் வேலை. வால்வுகள் இருக்கும் மேல்பகுதி என்னுடையது.

காலை 6.10க்கு ட்ரெய்லரில் ஏற்றிப் புறப்பட்டோம். 94 கிலோமீட்டர், 7.40க்குப் போய்ச் சேர்ந்தோம். நாள் கட்டணம் 2,400 குரோனர். ஹெல்மெட் வாடகை 200 (சொந்தமாகக் கொண்டுபோங்கள், எனக்குக் கிடைத்ததில் யாருடைய வியர்வையோ காயாமல் இருந்தது).

முதலில் நான் ஓட்டினேன். மூன்று சுற்று அருமையாகப் போனது. நான்காவதில் பொனட் விளிம்பில் புகை. பின்னால் பாதையில் எண்ணெய்க் கோடு. சிவப்புக் கொடி காட்டினார்கள். பதினெட்டுக் கார்கள் ஐம்பது நிமிடம் காத்துநின்றன.

என்ன நடந்தது என்று பொறுப்பாளர் கேட்டார். ஓட்டுநர்கள் சுற்றி நின்றார்கள்.

"கீழ்ப்பகுதி இவள் கட்டியது," என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி, சுபாவைக் கைகாட்டினேன். பொனட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவர் சிரித்தார்.

சுபா பொனட்டைத் திறந்தாள். வால்வு மூடியின் போல்ட் ஒன்றை விரலால் திருகினாள், சுழன்றது. நான்கில் மூன்று அப்படித்தான். கையால் பூட்டிவிட்டு, ஸ்பனர் போட்டு இறுக்க மறந்தவன் நான்.

"மன்னிச்சுக்கொள் சுபா."

"எனக்கு ஏன் தமிழில சொல்லுறீங்கள் அண்ணை? அவையிட்ட நோர்ஸ்கில எல்லோ சொன்னனீங்கள். அங்கை போய்ச் சொல்லுங்கோ."

போனேன். நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "பிழை என்னுடையது. அவளுடைய வேலையில் குறையில்லை." கேட்க ஆறு பேர்தான் நின்றார்கள். சிரித்தவர் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். அவருக்கு இன்றைக்கும் எஞ்சினைக் கெடுத்தவள் சுபாதான். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

போல்ட்டுகளை இறுக்கி, எண்ணெய் ஊற்றி, மதியம் சுபா பதினொரு சுற்று ஓட்டினாள். கீழே எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை.

போகிறவர்களுக்கு: இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்டால் கோடு போடுங்கள். ஐந்து லீட்டர் எண்ணெய் கூடுதலாகக் கொண்டுபோங்கள். ஏதாவது பழுதானால், வாயைத் திறக்கமுன் பொனட்டைத் திறவுங்கள்.

ஸ்டோவ்னரில் காரை ட்ரெய்லரிலிருந்து இறக்கும்போது சுபா சொன்னாள்.

"இனி மேல்பகுதியும் நானே பூட்டுறன்."

"ஓம்," என்றேன்.