வாய்வு என்று சொல்லி வைத்த இருதயம்

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதை, வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில் மறைத்தவன் நான். கம்பெனியை ஏமாற்றும் சாமர்த்தியமெல்லாம் எனக்கு ஏது? பக்கத்து நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயந்துதான் மறைத்தேன்.

சிங்கப்பூரில் என் மகளுக்குப் பேறுகாலம். அவள் சம்பந்தியின் மருமகள் என்பதால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்தே கிளம்புவதாகத் திட்டம். அழகர்கோவில் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் சம்பந்தி. காளவாசலில் ஒரு மாடி அறையில் இருந்த ஏஜென்ட் பெண்ணிடம் நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம்.

"சுகர், பிரஷர், ஹார்ட்டு, ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"நமக்கு என்னம்மா இருக்கு?" என்று சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த நெஞ்சுக்கு முன்னால் என் நெஞ்சைப் பற்றி என்ன சொல்வது? "எனக்கும் ஒண்ணும் இல்லம்மா. லேசா வாய்வு, அம்புட்டுத்தான்" என்றேன்.

அந்த வாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கிய சமயத்தில்தான் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க வருகிறவர்கள், வாடகை வீட்டின் கூரையை அண்ணாந்து பார்ப்பது போலப் பெண்ணின் அப்பாவையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். இவர் விழுந்தால் நாளைக்குச் சீர் செய்ய ஆள் யார்? அதனால் என் அண்ணன், ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குக் காரணம் வாய்வு என்று சபையில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சம்பந்தி வீட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம், பொருத்தமாக ஓர் ஏப்பமும் விட வேண்டியதாயிற்று. லைப்ரரி வேலையில், புத்தக அலமாரிகளுக்கு நடுவில் பாதி வாழ்க்கையைக் கழித்த எனக்கு, அந்தப் படிப்பு சொல்லிக் கொடுத்தது இந்த ஏப்பத்தைத்தான்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் கொடுத்த விளக்கத் தாளைப் படித்தேன். முன்பே இருக்கும் நோயை மறைத்தால் ஒரு காசு கிடைக்காது. அங்கே போய் எனக்கு ஏதாவது ஆனால், பச்சை உடம்புக்காரி கையில் குழந்தையையும் என் ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்கப் போகிற மகளை நானே கடன்காரியாக்கிவிட்டுத் திரும்புவதா?

மறுநாள் காலையில், லைப்ரரிக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் காளவாசலுக்குப் போனேன். மாடி ஏறினால், ஏஜென்ட்டுக்கு எதிரே சம்பந்தி. என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தொடைக்கு அடியில் தள்ளினார்.

"வாங்க சம்பந்தி. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான். பேருல ஒரு எழுத்து தப்பாயிருச்சு. நீங்க?"

"எனக்கும் அந்த எழுத்துதான்."

ஏஜென்ட் பெண் பேனாவை மூடி வைத்தாள். "அண்ணே, பாலிசி இன்னும் போடல. ரெண்டு பேரும் எழுத்தப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா இன்னைக்கும் போட முடியாது. யாருக்கு என்னன்னு சொல்லுங்க."

சம்பந்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டென்ட்டு வச்சிருக்கும்மா. கல்யாணத்துக்கு முந்தியே வச்சது. வெளிய மூலம்னு சொல்லி வச்சிருக்கோம்."

மூலத்துக்காக அவரிடம் நான் எத்தனை தடவை கருணைக்கிழங்கைச் சிபாரிசு செய்திருக்கிறேன்! அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாரே.

"எனக்கும் ஸ்டென்ட்டுதான் சம்பந்தி" என்றேன்.

"அப்ப அந்த வாய்வு?"

"அது கெடையவே கெடையாது."

"அடப் பாவி மனுசா, ஓமத்தண்ணி பாட்டில் பாட்டிலா வாங்கிக் குடுத்தேனேய்யா!"

"இதுக்கா ஒளிச்சீங்க?" என்றாள் ஏஜென்ட். "ஹார்ட்டுக்காரவுகளுக்குன்னே பாலிசி இருக்கு. கொஞ்சம் கூட ஆகும். பயணம் பண்ணலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க. ஆனா பழைய நோய்க்கு, உயிருக்கு ஆபத்துன்னாத்தான் பணம் வரும். லேசா வலிச்சா வராது."

"அப்ப நல்லா வலிக்கணுமாம்மா?" என்றார் சம்பந்தி.

"வலிக்காம போயிட்டு வாங்கண்ணே."

கீழே இறங்கி, டீக்கடை பெஞ்சில் இருவரும் தாராளமாக மூச்சு வாங்கினோம். ஏப்பம் தேவைப்படவில்லை. டாக்டர் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தார். பாலிசியும் வந்தது, என் பெயருக்குக் கீழே என் நோய் ஒளிவுமறைவில்லாமல் அச்சாகியிருந்தது. ஒரு பட்டத்தைப் பார்ப்பதுபோல அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இனி எனக்குப் பெரிதாக ஏதாவது ஆனாலும் மகள் தலையில் விழாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில், எங்கள் இருவர் மனைவிமாரையும் உட்கார வைத்து, எங்கள் இரண்டு இருதயங்களைப் பற்றிய உண்மையைத் தக்க மரியாதையோடு வெளியிட்டோம். சம்பந்தியம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. என் மனைவி மட்டும் கேட்டாள்: "டாக்டரு மாத்திரைய எதுவும் மாத்துனாராங்க?"

"இல்ல. அதே மாத்திரைதான்."

"அப்பச் சரி. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைங்கவும் நானும் மதினியும் மொத்தமாத்தான் வாங்கிக்கிட்டிருக்கோம். மெடிக்கல்ல தள்ளுபடி குடுக்குறாங்க."