தபாலில் வராத தவளை

டாக்டராக ஆசைப்பட்ட நான் உயிரியலைத் தபால் வழியில் எடுத்ததற்கு ஒரே காரணம், தவளையை அறுக்க வேண்டியிருக்காது என்று நம்பியதுதான். செய்முறைத் தேர்வும் உண்டு என்று கடைசியில்தான் கடிதம் வந்தது.

பாளையங்கோட்டை ஆய்வகத்தில், மெழுகுத் தட்டில் மல்லாந்து கிடந்த தவளையின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

அடுத்த மேசையில் மாஞ்சோலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பெண். தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் தட்டைத் தன்னிடம் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதட்டி. நீ அங்கன பாத்துக்கிட்டு நில்லு."

எனக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு அவள் தன் தவளையைத் தொட்டபோது மணி அடித்துவிட்டது.

முடிவு வந்த பேப்பரில் என் எண் இருந்தது. அவளுடையது அதற்கு அடுத்த எண். அது இருக்கிறதா என்று பார்க்கப் பயந்து பேப்பரை மடித்து வைத்தேன்.

இப்போது ஆபரேஷன் தியேட்டரில் தினமும் கத்தி பிடிக்கிறேன். அந்தப் பேப்பரை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.