ஓமப்பொடி அண்ணை

லண்டனில் எங்கள் தொகுதியில் அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் தங்களுக்குள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் காலம் இது. என் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு கட்சியிலும் சேர்ந்துவிட்டாள். சென்ற ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில், போட்டியிடுபவர்களை ஒருவர் பின் ஒருவராக நடித்துக் காட்டினாள். ஒருவர் கேள்வி கேட்டவரின் பெயரைப் பல தடவை உருக்கமாகச் சொன்ன பிறகுதான் பதிலுக்கு வருவாராம். இன்னொருவர் ஒருவருக்குக் கை கொடுக்கும்போதே கண்ணால் அடுத்த ஆளைத் தேடுவாராம். என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. நானும் சிரித்தேன்.

பிறகு அவள் சொன்னாள், இதைக் கட்சிக் கூட்டத்திலும் செய்து காட்டினாளாம். அந்தக் கை கொடுக்கிறவர் முன்வரிசையில் இருந்து பார்த்தாராம்.

"கோவமே இல்லை அம்மா. விழுந்து விழுந்து சிரிச்சார். வெரி நைஸ்."

எனக்குச் சோற்றில் வைத்த கை எழும்பவில்லை. "உன்ரை பேரைக் கேட்டவரோ?" என்று கேட்டேன்.

"ஓம், கேட்டவர். ஏன்?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் இல்ஃபோர்ட்" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரிதான். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் இந்த ஒரு கிழமையாக, அவள் ரயிலால் இறங்கி வீடு வந்து சேரும்வரை நான் முன் அறை யன்னலடியில்தான் நிற்கிறேன். அப்படி நிற்கும்போது, என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அப்போது நாங்கள் அப்டன் பார்க்கில் ஒரு ஒடுக்கமான வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். மேலே சின்ன அறையில் சித்தப்பா. சித்தப்பா பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால், ஒருவர் நடந்து வருகிற விதத்திலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். அந்த வருடம் கவுன்சில் தேர்தலுக்கு வேட்பாளரைத் தெரிவு செய்வதற்காக எங்கள் வட்டாரத்தில் கட்சிக்குள்ளேயே ஒரு போட்டி நடந்தது. அங்கத்தவர்கள்தான் வாக்குப் போட வேண்டும். நண்பர் ஒருவர் இழுத்துச் சேர்த்ததில் அப்பாவும் சித்தப்பாவும் அங்கத்தவர்களாக இருந்தார்கள். ஆகவே போட்டியிட்டவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதவு தெரிந்திருந்தது.

வந்துபோனவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குச் சித்தப்பா வைத்த பெயர் தபால்பெட்டி. எந்த முறைப்பாட்டைச் சொன்னாலும் வாங்கி உள்ளே போட்டுக்கொள்வார், பதில்தான் வராது. எங்கள் ஆள் ஒருவரும் போட்டியிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இல்ஃபோர்டில் குடியிருந்து, எங்கள் வட்டாரத்தில் கணக்காளராக வேலை செய்தவர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி "ஓம் ஓம்" என்பார். அவருக்கு வைத்த பெயர் ஓமப்பொடி.

இந்தப் பட்டப்பெயர்களை அப்பா தடுக்கவில்லை. வேறு எதிலும் சித்தப்பாவின் பகிடிகளுக்கு முகம் கொடுக்காத அப்பா, இதை மட்டும் விட்டுவிட்டார். அப்பா தன் வாயால் அரசியல்வாதி எவரின் பெயரையும் சொல்லி நான் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் நாட்டின் பிரதமர் வந்தாலும் "இந்த மனிசன்" என்பதோடு சரி. அவருக்குப் பட்டப்பெயர் வசதியாக இருந்திருக்க வேண்டும். அதன் விளைவாக, வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் ஓமப்பொடி என்ற பெயர் மட்டுமே புழங்கியது. அந்த மனிதரின் உண்மையான பெயர் அம்மாவுக்கும் எனக்கும் தெரியாமலே போயிற்று.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் ஆதரவு கேட்டு வந்தார். கட்டையான, வெள்ளைச் சேட்டுப் போட்ட மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா கதிரையின் நுனியில் இருந்தார். சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, எங்கடை ரோட்டிலை கார் விட இடமில்லை. கவுன்சில் ஏதாவது செய்ய வேணும்."

"ஓம் ஓம். கட்டாயம்."

"ஆனா இந்தக் கார்க்காரராலைதான் ரோட்டே பழுதாப்போகுது."

"ஓமோம். அதுவும் சரிதான்."

நான் கதிரைக்குப் பின்னால் நின்று என் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா தட்டத்தோடு வந்தார். தட்டத்தில் வடை, வாழைப்பழம், ஒரு கிண்ணத்தில் கிரீன் ஸ்ட்ரீட் கடையில் வாங்கிய ஓமப்பொடி. வந்தவர் அதில் கொஞ்சத்தை அள்ளி வாயில் போட்டார். அம்மா மரியாதையாகக் கேட்டார்:

"ஓமப்பொடி அண்ணை, தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?"

"ஓம் ஓம்" என்றார் அவர்.

அது அப்படியே போயிருக்கும். கிண்ணத்தைத்தான் அம்மா சொன்னார் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அம்மா சொன்னது தனக்கே காதில் விழுந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். சித்தப்பா நிமிர்ந்து முகட்டைப் பார்த்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"பிள்ளை ஏன் சிரிக்கிறா?" என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். "நீங்கள்தான் ஓமப்பொடி" என்றேன். "எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லுறபடியால் சித்தப்பா வைச்ச பேர்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்ல பேர் தம்பி. என்ரை மனிசியிட்டைச் சொல்ல வேணும். தனக்கு மட்டும் நான் ஒருநாளும் ஓம் சொல்லுறேல்லை எண்டுதான் அவவின்ரை முறைப்பாடு." சித்தப்பாவும் சிரித்தார். அம்மாவும், வெட்கப்பட்டுக்கொண்டே. போகும்போது அவர் என் தலையைத் தடவி, "பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். நான் சொன்னேன்.

கதவு சாத்தப்பட்டதும் அப்பா யன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி, கார் தெருவைவிட்டுத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் ஏன் பள்ளிக்கூடத்தைக் கேட்டவன்?"

"சின்னப்பிள்ளையளிட்டை வேறை என்னத்தை அண்ணை கேக்கிறது?" என்றார் சித்தப்பா.

"அவன் சிரிச்சதைப் பாத்தனியோ?"

"சிரிச்சவர்தானே. கோவிக்கேல்லையே."

"பெரியண்ணையைப் பாத்தும் அப்பிடித்தான் சிரிச்சவங்கள்."

சித்தப்பாவின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்புப் போய்விட்டது. அவர் தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அது அவர் வழக்கமாகச் செய்கிற வேலை இல்லை.

பெரியப்பாவை நான் கண்டதில்லை. அவர் 'காலமானவர்' என்று மட்டும் தெரியும். என்ன நடந்தது என்பதை, எனக்குக் கலியாணமான பிறகு, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மாதான் சொன்னார். பெரியப்பா ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். ஆட்களைப் போலப் பேசி நடிப்பதில் கெட்டிக்காரர். சித்தப்பாவுக்கு வந்தது அங்கிருந்துதான். பள்ளிக்கூட விழாவொன்றில், அப்போது அந்தப் பகுதியில் செல்வாக்காக இருந்த ஒருவரைப் போல மேடையில் நடித்துக் காட்டினார். அந்த ஆள் முன்வரிசையில் இருந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மேடையில் ஏறிப் பெரியப்பாவைக் கட்டிப்பிடித்து, வீடு எங்கே என்றும் விசாரித்தார். சில நாள் கழித்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து, "சேர், ஒருக்காக் கதைக்க வேணும்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பெரியப்பா சேட்டை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. படலையைத் திறந்து அவர்களை உள்ளே விட்டது என் அப்பா.

இதொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்பதும், எல்லோரும் வால்தம்ஸ்டோவில் மாமி வீட்டுக்குப் போகிறோம் என்பதும்தான். சித்தப்பா மட்டும் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பரோடு தங்கினார். மாமி வீட்டு முன் அறையில் மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தோம். எனக்கு அது விடுமுறை. மச்சாளோடு கார்ட்டூன் பார்த்தேன், மாமி தினமும் புட்டு அவித்தார். அப்பா வேலைக்கும் போகவில்லை. வெளியே கார்க் கதவு ஒன்று அடித்துச் சாத்தப்பட்டால் பேச்சை நிறுத்துவார். அடுத்த சத்தம் என்ன என்று காத்திருப்பார். ஒன்றும் இல்லை என்றானதும் விட்ட இடத்தை மறந்துபோய், "என்ன சொன்னனான்?" என்று கேட்பார்.

"இதென்ன விசர் வேலை அண்ணை? இது லண்டன்" என்று மாமி ஒருநாள் சொன்னார்.

"லண்டன்தான். ஆனா ஆள் எங்கடை ஆள்தானே" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் குளிக்கச் சொல்லி, கோயிலுக்குப் போடும் பாவாடை சட்டையைப் போடச் சொன்னார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் இல்ஃபோர்டுக்குப் போனோம். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "நீ ஒண்டும் கதைக்கக் கூடாது. நான் சொல்லேக்கை சொறி எண்டு மட்டும் சொல்லு" என்றார்.

கதவைத் திறந்தவர் ஓமப்பொடி அண்ணைதான். வீட்டுச் சாரத்தோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கோ வாங்கோ. பிள்ளையும் வந்திருக்கிறா. இண்டைக்கு வீட்டிலை மிக்சர்தான் இருக்கு, பரவாயில்லையோ?" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடி வாழைப்பழத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "சின்னப்பிள்ளை தெரியாமல் சொல்லிப்போட்டாள். தம்பியும் பகிடிக்குத்தான். எங்களிட்டை ஒரு பிழையும் இல்லை. ஏதும் எண்டால் நீங்கள் என்னைக் கூப்பிடுங்கோ. என்னோடை முடிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையை விட்டிடுங்கோ."

நான் சொறி என்று மன்னிப்புக் கேட்டேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

சிரித்த வாய் அப்படியே இருக்க, ஓமப்பொடி அண்ணையின் கண் மட்டும் மாறியது. அவர் வாழைச்சீப்பை வாங்கினார். வாங்காவிட்டால் அப்பா நீட்டிக்கொண்டே நின்றிருப்பார்.

"அண்ணை" என்றார். "நீங்கள் என்னை ஆர் எண்டு நினைச்சியள்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"குப்பைவாளியைக் கிழமைக்கு எத்தினை தரம் எடுக்கிறது எண்டு கதைக்கத்தான் அண்ணை நான் நிக்கிறன். வேறை ஒண்டுக்கும் இல்லை."

"ஓம் ஓம்" என்றார் அப்பா.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லாததால் அடக்கிக்கொண்டேன். ஓமப்பொடி அண்ணை கோப்பையையும் வாழைப்பழத்தையும் மாடிப்படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் இருந்துவிட்டார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஆரப்பா அது?" என்று கேட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுத்த நாள் நாங்கள் வீடு திரும்பினோம். நான் பள்ளிக்கூடம் போனேன். வேட்பாளர் தெரிவுக் கூட்டத்துக்கு முன்பே அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று சித்தப்பா செய்தி கொண்டுவந்தார். வேலை கூடிப்போனதாகக் காரணம் சொன்னாராம். யாரும் அதைப் பற்றிப் பகிடி விடவில்லை. தபால்பெட்டி தெரிவாகி, தேர்தலிலும் வென்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் பட்டப்பெயர் வைக்கப்படவில்லை. அப்பா கடைசிவரை வாக்குப் போடுவதைத் தவறவிட்டதில்லை. யாருக்குப் போட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஞாயிறு திரும்பி வந்த வழிதான் எனக்கு மறக்கவில்லை. ஓமப்பொடி அண்ணை எழும்பி, "வாங்கோ, காரிலை கொண்டுபோய் விடுறன்" என்று கார்த் திறப்பை எடுத்தார். அப்பா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. "வேண்டாம். பஸ் இருக்கு" என்றார். "அப்ப பஸ் தரிப்பு மட்டும் வாறன்" என்று அவர் சாரத்தோடேயே செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். அப்பா வேகமாக நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது. அவர் கொஞ்சம் பின்தங்கினார். அவருடைய செருப்புச் சத்தம் பின்னால் கேட்கக் கேட்க, அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் சட்டென்று நின்றது. நானும் திரும்பிப் பார்த்தேன். அவர் தெருவைக் கடந்து மறுபக்க நடைபாதைக்குப் போய்விட்டார். அங்கே எங்களுக்கு நேரே, அப்பாவின் கண்ணில் படும்படி, இரண்டு கையையும் வெளியே தெரியத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். பஸ் வரும்வரை மறுபக்கத்திலேயே நின்றார். நாங்கள் ஏறியதும் என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

எங்களோடு சேர்ந்து நடக்கப் பிடிக்காமல்தான் அந்தப் பக்கம் போனார், இன்னும் கோபம் தீரவில்லை என்று அந்த வயதில் நினைத்தேன். அதனால் நான் திருப்பிக் கை காட்டவில்லை.