ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் பதினோரு வயது மகளுக்கு இதய வால்வில் கோளாறு. செங்கல்பட்டு டாக்டர், ஏதோ செடியின் இலையிலிருந்து எடுக்கும் மாத்திரை என்று சொல்லி, "வாரத்துல அஞ்சு நாள்தான். சனி, ஞாயிறு குடுக்கவே கூடாது" என்றார். அந்த இரண்டு நாளில் இதயம் நின்றுவிட்டால்? இலை மருந்துதானே என்று ஏழு நாளும் கொடுத்தேன்.

சில வாரங்களில் அவள் சோற்றைக் கண்டாலே வாந்தி எடுத்தாள். அடம் என்று திட்டினேன்.

ஒரு ஞாயிறு, கோவளத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். "அம்மா, கடல் மஞ்சளா கீது" என்றாள். வெயில் என்று சொல்லி மாத்திரையை எடுத்தேன். பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதம்மா. எங்க வூட்டுக்காரருக்கும் இந்த மாத்திரதான். ஜாஸ்தியானப்போ அவருக்கும் இப்டித்தான் மஞ்சளா தெரிஞ்சிது. தெனமுமா குடுத்த?"

அழுதேன்.

"பயத்துலதான குடுத்த? வுடு, நானும் வரேன்."

தன் ஊரில் இறங்காமல், மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தார். டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாம் நாள் அவள் மோர்சோறு கேட்டாள்.

இப்போது பழையபடி ஐந்து நாள்தான். ஞாயிறுகளில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"வுடும்மா, வெளையாடணும்" என்கிறாள்.

விடத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.