ருக்மணி அம்மிணியின் ஓடுதளம்

சென்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பனியன் கம்பெனி மேஸ்திரி ஒருவர் எனக்காகக் காத்து நின்றார். ருக்மணி அம்மா அந்தக் கம்பெனியில்தான் கணக்கு எழுதிவந்தார். காலையில் வேலைக்கு வராததால் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். "சொந்தக்காரங்க ஆருக்குச் சொல்றதுன்னு தெரியலீங்க பாய். உங்களத்தான் தெரியும்" என்றார்.

நமது விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்து இன்று எங்கெங்கோ பறந்துகொண்டிருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரை எடுத்துப் போனபோது உங்களில் ஒருவரும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லியனுப்ப எனக்கு வழி தெரியவில்லை.

யுத்த காலத்தில் போட்ட மண் ஓடுதளம் ஒன்று மங்கலத்துக்கு அப்பால் சும்மா கிடந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மில் முதலாளிகள் சிலர் சேர்ந்து அங்கே பள்ளியைத் தொடங்கினார்கள். நான் கரும்பலகையில் திசையும் காற்றும் கற்றுக்கொடுக்க வந்தவன். ருக்மணி, பனியன் கம்பெனி முதலாளி ஒருவரின் மகள். முதல் வகுப்பின் ஒரே பெண். பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் அப்பா அனுப்பினார். உரிமம் கைக்கு வந்த பிறகு, பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டார் மகள். அதோடு அந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. விமானக் கம்பெனிக்கு மனுப் போட்டார். பெண்களை ஓட்டுவதற்கு எடுப்பதில்லை என்று பதில் வந்தது. அதை என்னிடம் மழை வராத செய்தியைப் போலச் சொன்னார். பிறகு நம் பள்ளியிலேயே பயிற்சியாளராகி, திடலின் ஓரத்தில் ஓர் அறையில் தங்கிவிட்டார்.

உடுமலைப்பேட்டைக் குமாரசாமி முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். மேலெழும் வேளையில் ஓடுதள விளிம்பில் கிடந்த கல்லில் மோதி இடது சக்கரம் கழன்று உருண்டது. விமானம் எழும்பிவிட்டது. சக்கரம் போனது அவனுக்குத் தெரியாது. சொல்வதற்கு அந்தச் சின்ன விமானங்களில் ரேடியோவும் கிடையாது. வழக்கம்போல இறங்கினால் குப்புறக் கவிழ்வான்.

ருக்மணி இன்னொரு விமானத்தை நோக்கி ஓடினார். "பாய், அந்தச் சக்கரத்தை எடுத்துக்கிட்டு முன்னால ஏறுங்க" என்றார். அதுவரை நான் மேலே போனதே இல்லை. ஏறினேன். திறந்த இருக்கையில் காற்று முகத்தில் அறைந்தது. குமாரசாமிக்குப் பக்கத்தில், அவன் முகம் தெரியும் தூரத்துக்கு அவர் விமானத்தைக் கொண்டுபோனார். நான் இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு புரிந்துவிட்டது; முகம் வெளுத்தது.

அவர் கை அசைத்தார். பின்னாலேயே வரச் சொல்லி, இறங்கும்போது தீப்பிடிக்காமலிருக்க எரிபொருள் தீரும் தறுவாய்வரை திடலைச் சுற்றினார். மிச்சமிருந்த வலது சக்கரத்தில் இறங்கும்படி வலது இறக்கையைத் தாழ்த்திக் காட்டினார், அவனும் தாழ்த்தினான். கடைசியில் இரண்டு விமானங்களும் அருகருகே இறங்கின. அவனுடையது ஒற்றைச் சக்கரத்தில் வெகுதூரம் ஓடி, வேகம் தணிந்த பிறகே இடப்பக்கம் சாய்ந்து புழுதியில் சுழன்று நின்றது. அவன் தானாகவே இறங்கி நடந்து வந்தான். ருக்மணி அவனிடம், "நாளைக்கு மறுபடி போலாங்க. இன்னைக்குப் போதும்" என்றார். அவ்வளவுதான்.

செய்தி ஊருக்குள் பரவியது. மறுநாள் மாலை அவருடைய அப்பா வேலிக்கு வெளியே காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "அம்மிணிக்கு அடி ஒண்ணும் படலீங்களே?" என்று கேட்டார். இல்லையென்றேன். உள்ளே வரும்படி அழைத்தேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். ருக்மணியிடம் சொன்னபோது அவர் வேலிப்பக்கம் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்திருந்தா ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிருப்பனுங்க" என்றார். அப்பா அதற்குப் பிறகு வரவேயில்லை.

எழுபதுகளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அரசு உதவி நின்றது. விமானங்களை விற்றார்கள். ஓடுதளத்தைச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, வெளுத்த துணியை அதன் நீளத்துக்கும் காயப்போட்டார். ருக்மணி மட்டும் அறையைக் காலி செய்யவில்லை. காலையில் பஸ் ஏறி வேறொருவரின் பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போவார். மாலையில் காயும் துணிகளுக்கு நடுவே நடந்து திரும்புவார். அவர் விமானம் ஓட்டியவர் என்பது உடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டா சொல்லியிருப்பனுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரைப் பார்க்கப் போவேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். அவ்வப்போது விமானம் ஏதாவது கடந்து போகும். நான் அண்ணாந்து பார்ப்பேன். அவர் பார்க்க மாட்டார். உங்களில் யாராவது ஓட்டிப் போகலாமே, பார்க்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பாத்தா ஆருன்னு தெரியவா போகுதுங்க? சத்தத்தக் கேட்டா, நல்லாப் போகுதான்னு தெரியும். அது போதும்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நேற்றும் உச்சிப்பொழுதில் வீட்டுக்கு மேலே ஒன்று போனது. அண்ணாந்து பார்க்கவில்லை. கடைசி முனகலும் அடங்கும்வரை கேட்டேன். நல்லபடியாகத்தான் போனது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் யாருமில்லை.